காற்புள்ளியை விழுங்கிய கோப்பு

முதலியார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு விவரக் கோப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். மெஷின் கக்குகிற எழுத்துகளில் எது பெயர், எது அளவு என்று கணினிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அப்படிப் பிரித்துப் படிப்பது பார்சிங். படித்தது நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது வேலிடேஷன். இரண்டும் வேறு வேறு என்று கல்லூரிகளில் போய் வகுப்பெடுத்தவன் நான். பெரிய ஆள்!

சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ஒன்றையொட்டி இருக்க வேண்டும்; ஐந்தைத் தாண்டினால் மறுபடி சோதிக்கச் சொல்லி அறிக்கையில் சிவப்பு விழும்படி வைத்திருந்தேன். நிலையத்துக்காரர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், ஊருக்கே முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா. அவர் போன் செய்தார்.

“தம்பி, டயாலிசிஸ்காரங்களுக்கெல்லாம் செவப்பா வருது. பாத்துட்டு அழுவுறாங்க. எடுத்துடுங்க.”

வரம்பை மாற்றியிருக்கலாம். யார் உட்கார்ந்து மாற்றுவது? வேலிடேஷனையே அணைத்துவிட்டேன். முசியேவுக்குப் பரம திருப்தி.

பிறகு அவர் புது மெஷின் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினார். அதில் அவருக்கு ஒரு கௌரவம். பிரெஞ்சில் 0.9 என்பதை 0,9 என்று எழுதுவார்கள். என் கோப்போ காற்புள்ளியைக் கண்டால் ஆயிரத்தைப் பிரிக்கிற குறி என்று தூக்கிப் போட்டுவிடும். மிச்சம் 09, அதாவது 9. எண்தானே, படித்தாயிற்று, பிழை ஒன்றுமில்லை.

அந்த ஒன்பது என் அம்மாவுடையது.

சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அம்மா இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டாள். எந்தப் புடவை யாருக்கு என்று என் மனைவியிடம் சொல்லி வைத்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 0.9. மெஷின் அனுப்பிய மூலத்தைத் திறந்து பார்த்தேன். 0,9. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. என் தப்புதான் என்று சொன்னேன்.

அவள் திட்டவில்லை. “எம் பக்கத்துல உக்காந்து ரத்தம் குடுத்துச்சே, கனகசெட்டிக்குளத்துப் பொண்ணு, அதுக்கு எத்தினிடா வந்துது?”

தேடினேன். எட்டு. மூலத்தில் 0,8.

“போன் பண்ணி சொல்லுடா. கைக்கொழந்தைய வச்சிருந்துச்சு.”

மற்றவர்களையெல்லாம் முசியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் போன் நம்பர் மட்டும் காலி. அந்த இடம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை என்று கோப்பில் எழுதியவனும் நான்தான். பெயரை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் பஸ் ஏறினேன்.