டோலியின் மறுமுனை

ஜெர்மன் சண்டைக்கு என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் பேர் கொடுத்தேன். ஆம்பூர் தோல் கொட்டகையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்துபோயிருந்தது. அரபு தேசத்துப் பக்கம் பஸ்ராவில் காயம்பட்டவர்களைத் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். கப்பல் ஏறினேன். பெண்டாட்டி அழுதாள்.

அங்கே கொடுத்தது டோலி. இரண்டு கழி, நடுவில் முரட்டுத் துணி. முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். இரண்டு பேரும் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் டோலி ஆடும், படுத்திருப்பவன் கத்துவான். முன்னால் இடது கால் போனால் பின்னால் வலது கால் போகவேண்டும். பழக ஒரு மாதம் ஆனது.

எனக்கு ஜோடி எங்கள் பக்கத்து ஆள்தான். எங்கள் சேரியிலிருந்து மூன்று மைல் அவன் ஊர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. ஊரில் அவன் தெருவில் நான் கால் வைத்ததில்லை. அங்கேயும் முதலில் தண்ணீரைத் தனியாகத்தான் வைத்துக்கொண்டான். ஒரு நாள் வெயிலில் அது தீர்ந்துபோனது. என்னுடையதை வாங்கி வாய் வைத்துக் குடித்தான்.

“தோல் நாத்தம் அடிக்குதுடா மச்சான்” என்றான்.

அன்றிலிருந்து அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். ரொட்டி ஒரே தட்டில். எனக்குப் பேதி கண்டபோது அவன்தான் எல்லாம் எடுத்தான். உலகம் இப்படித்தான் இருக்கிறது, நம் ஊருக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே கப்பலில் திரும்பினோம்.

வந்த கொஞ்ச நாளில் விஷக் காய்ச்சல் பரவியது. சேரியில் பாதிப் பேர் படுக்கை. மீதி ஆண்கள் பிணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டிக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி ஆம்பூரில், பாலாற்றுக்கு அந்தப் பக்கம். காய்ச்சல் வீட்டுக்கு யாரும் வண்டி கட்ட மாட்டேன் என்றார்கள்.

விடியும்போதே மாமியார் சொன்னாள், கட்டிலில் போடு, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்று.

“இது பொம்பள பிடிக்கிற வேல இல்ல அத்தே. ஆள் இருக்கான், கூட்டிட்டு வர்றேன்” என்றேன்.

மூன்று மைல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஊர் எல்லையில் பட்டாளத்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. களத்தில் அவன் அப்பனோடும் நாலைந்து பேரோடும் நின்றிருந்தான். தூரத்திலிருந்தே கூப்பிடவேண்டும். மச்சான் என்று வாய் வரைக்கும் வந்தது. “சாமி” என்றுதான் கூப்பிட்டேன்.

அவன் தலை குனிந்துகொண்டான். பிறகு வேலி ஓரம் வந்தான். சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

“இருட்டட்டும். இருட்டினதும் வர்றேன்.”

“அதுவரைக்கும் தாங்கமாட்டா. அங்க எத்தினி பேரத் தூக்கினோம்?”

“அங்க யாரு பார்த்தா? இங்க உன் கட்டிலத் தூக்கினா நாளைக்கு என் தங்கச்சிய யாரு கட்டுவான்?”

அவன் அப்பன் அங்கிருந்தே இன்னாடா அங்கே பேச்சு என்று கேட்டான். தோல் கொட்டகை ஆள், வழி கேட்கிறான் என்றான் இவன்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. மாமியார் கட்டிலில் கழி கட்டித் தயாராக வைத்திருந்தாள். நான் முன்னால், அவள் பின்னால். ஆற்று மணலில் கட்டில் ஆடியது. நான் இடது கால் வைத்தால் நீ வலது கால் வை என்றேன். பத்தடியில் பழகிக்கொண்டாள். நடு ஆற்றில் ஒரு தடவை இறக்கினோம். பெண்டாட்டி தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. டாக்டர் மார்பில் காது வைத்துப் பார்த்தார். காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். மாமியார் என்னைப் பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண்டாட்டி போய்விட்டாள்.

இருட்டினபிறகு அவன் சேரி ஓரம் வரைக்கும் வந்து நின்றானாம். யாரோ பார்த்துச் சொன்னார்கள். சொன்னபடி வந்திருக்கிறான்.

கப்பல் ஏறியவன் என்று கொட்டகையில் என்னிடம் கதை கேட்பார்கள். டோலியில் உனக்கு ஜோடி யார் என்று கேட்டால், பஸ்ராவில் பேரீச்சை மரம் ஜாஸ்தி என்பேன்.