ஃபிட் பேப்பரில் என்ன தேதி

என்னைப் பற்றி இரண்டு விழா மலர்களில் எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பதினோரு வயதில் மீன் கூடை தூக்கியவன், அதிராம்பட்டினம் பக்கத்தில் சொந்தமாக ஐஸ் கம்பெனியும் இறால் உரிக்கும் கொட்டகையும் போட்டவன் என்றெல்லாம். உண்மைதான், குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். என் கொட்டகை இறால் ஜப்பான்காரன் தட்டு வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் அதை உட்கார்ந்து உரித்த அம்சவல்லியைப் பற்றி எந்த மலரிலும் ஒரு வரி இல்லை. என்னை விட்டால் எழுத ஆள் இல்லை என்பதால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அம்சவல்லி திருக்காட்டுப்பள்ளிக்காரி. வாய்க்கால் நிறையத் தண்ணீர் பார்த்து வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டதோ எங்கள் கடைமடைக்கு. ஆறு திறந்து ஒரு மாதம் ஆனாலும் எங்களுக்குத் தண்ணீர் எட்டாது. எட்டும்போது மழையும் சேர்ந்து வந்து பயிரை முழுகடிக்கும். அவள் புருஷன் சாமிதுரை இரண்டு சாகுபடி தோற்றுப் பார்த்தான். தொண்ணூற்று நாலில் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவள் என் கொட்டகைக்கு வந்தாள்.

கை வேகம். வாய் அதைவிட வேகம். எட்டாவது வரை படித்திருந்ததால் ஏற்றுமதிக் கம்பெனி அனுப்பும் சீட்டுகளை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். எனக்குத் தூரப் பார்வை அப்படிக் கூர்மை. கரையில் நின்றே எந்தப் படகு யாருடையது என்று சொல்வேன், இன்றும் சொல்வேன். கிட்டத்தில்தான் எழுத்து கலங்கும். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்பார்களே என்று போடவில்லை. "மொதலாளிக்கு இலங்கைக்காரன் படகுகூடத் தெரியும், கையில இருக்க சீட்டுதான் தெரியாது" என்பாள். நூறு பெண்களும் சிரிப்பார்கள். அவளை மட்டும் நான் அதட்டியதில்லை.

தொண்ணூற்று ஏழில் சாமிதுரை திரும்பி வந்தான். விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்களாம். மூன்றாம் நாள் டிக்கெட்டைக் கையில் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு 'அன்ஃபிட்' என்ற ஒரு சொல்தான் பதில். காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் அது எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அம்சவல்லிக்கும் பார்த்தார்கள். இருந்தது. சாமிதுரை அடுத்த ஆடிக்கு இல்லை.

அவள் கை பட்ட இறாலைத் தொடமாட்டோம் என்று பெண்கள் எழுந்துவிட்டார்கள். இறால் உரிப்பதால் அது ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஏற்றுமதிக் கம்பெனிக்குச் செய்தி போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று நான் அவளை நிறுத்தினேன். அன்றைக்கு அது சரியென்று பட்டது. அவள் சண்டை போடவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பட்டுக்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்கு வேலை கொடுத்தது. தோளில் பை, ஒரு பழைய சைக்கிள். லாரி நிறுத்துமிடம், படகுத்துறை, நடவு வயல் என்று போவாள். ஆணுறை கொடுப்பாள், நோய் எப்படி வரும், எப்படி வராது என்று பேசுவாள். 'பலூன்காரி' என்று பேர் வைத்தார்கள். "ஆமாண்டா, பலூன்காரிதான். ஊதாம எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டு வருவாள். வெளிநாட்டு மாப்பிள்ளை பேசுகிற வீடுகளுக்கு மட்டும் பையில்லாமல் போவாள். அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

அந்தக் கேள்வி புரிய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு இங்கேயே ரத்தம் பார்த்து, தேறினால் 'ஃபிட்' என்று முத்திரை குத்திக் காகிதம் கொடுப்பார்கள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வெற்றிலைத் தட்டில் ஜாதகத்தோடு அந்தக் காகிதத்தையும் வைத்தார்கள். பையன் வெளிநாடு போனவன் என்பதற்கு அத்தாட்சி; உடம்புக்கும் அதுவே அத்தாட்சி என்று பெண் வீடும் எடுத்துக்கொண்டது. போகும்போது வாங்கிய காகிதம் வந்தபிறகு எதற்கு ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் என் ஒரே மகள் இலஞ்சியத்துக்குக் குணசீலனைப் பேசினோம். குவைத்தில் மூன்று வருஷம் இருந்தவன். கம்பெனி மூடிவிட்டதால் வந்துவிட்டேன் என்றான். தட்டில் வந்த காகிதம் லேமினேட் செய்து பளபளவென்று இருந்தது. சிவப்பு முத்திரை எனக்கே தெரிந்தது. தேதி ஓரத்தில் பொடி எழுத்து.

மறுநாள் காலை அம்சவல்லி வந்தாள். நான் வேலையை விட்டு நிறுத்திய பிறகு அவள் என் வாசல் ஏறியது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே கேட்டாள்.

"மாப்பிள்ளை ஃபிட் பேப்பர்ல என்ன தேதி மொதலாளி?"

"ஏன், உனக்கு எதுக்கு?"

"போறப்ப எடுத்ததா, வந்தப்புறம் எடுத்ததா? அதான் கேக்குறேன். போறப்ப எடுத்ததுன்னா கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவ பாத்துருங்க. தஞ்சாவூர்ல பாத்தா வெளிய தெரியாது. நானே கூட்டிட்டுப் போறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. காகிதம் பீரோவில் இருந்தது. முன்னைப்போல அவளிடம் நீட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாம். நான் வேலையை விட்டு அனுப்பியவளிடம், தேதி தெரியவில்லை, பார்த்துச் சொல் என்று எப்படிக் கேட்பது?

"போன மாசம்தான் எடுத்துருக்கான். நான் பாத்தேன்" என்றேன்.

"நீங்களே பாத்தீங்களா?"

"நான் பாக்காம என் பொண்ணைக் குடுப்பேனா?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி மொதலாளி. நல்லா இருக்கட்டும்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கல்யாணத்தை ஊரே மெச்சியது. ஐஸ் பாரில் மயில் செதுக்கி வைத்தேன். பட்டுக்கோட்டையில் அதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் இலஞ்சியத்துக்கு ஐந்தாம் மாதம். தஞ்சாவூரில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற வழக்கப்படி ரத்தம் பார்த்தார்கள். இருந்தது. பிறகு குணசீலனுக்கும் பார்த்தார்கள்.

அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். அவன் அழுதுகொண்டே என்னிடம் மட்டும் சொன்னான். குவைத்தில் அவனுக்கும் ரத்தம் எடுத்து, ஒன்றும் சொல்லாமல்தான் அனுப்பியிருக்கிறார்கள். வெட்கப்பட்டுக் கம்பெனி மூடிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். இரண்டு வருஷத்தில் அவனும் போய்விட்டான்.

குணசீலனின் ரத்த முடிவு வந்த அன்றே பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில் தரையில் விரித்து விற்கிறவனிடம் ஒரு கண்ணாடி வாங்கினேன். ஐஸ் கம்பெனி அறையைச் சாத்திக்கொண்டு காகிதத்தைப் பார்த்தேன். 14.8.97. தெளிவாக இருந்தது. கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் செய்தது கிழியாது.

இலஞ்சியத்தோடு தஞ்சாவூர் பஸ்ஸில் மாதாமாதம் போனது அம்சவல்லிதான். நான் கார் அனுப்புகிறேன் என்றேன். கார் நின்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டாள். வலி கண்டதும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்குச் சொட்டு மருந்து. ராத்திரி பகலாகக் கூட இருந்து அது தவறாமல் பார்த்துக்கொண்டவள் அவள். பெண் குழந்தை. ஒன்றரை வயது ஆனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

அம்சவல்லியின் உடம்பு அதற்குள் உருகிவிட்டது. அதற்கான மாத்திரை அப்போது எங்கள் பக்கம் இலவசமாகக் கிடைக்கவில்லை; நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, நடுவில் நின்றால் ஆபத்து, ஆயுசுக்கும் வாங்குவீங்களா என்று கேட்டாள். வாங்குவேன் என்றேன். சிரித்தாள். மாசி மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல மொதலாளி. போன மாசம் எடுத்த பேப்பர்னு நீங்க பாத்துச் சொன்னீங்க. அப்புறம் எப்படி? வைரஸ் புகுந்த மொத ரெண்டு மூணு மாசம் டெஸ்ட்ல தெரியாதுன்னு சொல்வாங்க. நான்தான் அதையும் சொல்லாம விட்டுட்டேன். இலஞ்சியத்துக்கு நான் பண்ண தப்பு அது."

நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று மட்டும் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

அந்த ஆவணியில் பேத்திக்கு ரத்தம் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. காகிதத்தில் தேதியை மூன்று தடவை படித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. இலஞ்சியம் பின்னால் வந்த மாத்திரைகளால் இன்றைக்கும் நடமாடுகிறாள். தன் பேரைப் போட்டே எழுதச் சொன்னவளும் அவள்தான். அம்சு அக்காவுக்காக என்றாள்.

அச்சுக்குப் போகும் முன் இதை அவள் படிப்பாள். வாசலில் நான் சொன்ன பொய் அவளுக்கும் தெரியாது. இந்தப் பக்கம் வரைக்கும் வந்த பிறகுதான் தெரியும்.