ஒரு வாய்தான் குடித்திருந்தேன்

பிள்ளைகளா, போன மாதம் ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் மாமாவை அடித்ததை நீங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தீர்கள். ஆனால் ஏன் அடித்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும் காரணம் பொய். அந்தப் பொய்க்கு நானும் தலையாட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நாம் சர்ச் முடிந்து வந்து பிரியாணிக்கு உட்காரும் முன், ஈரத் துணி சுற்றிய ஒரு பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தான். அவன் தெருவுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து சின்னதாக நடத்தும் ஆலையில் செய்த பீராம். பேல் ஏல் என்று பெயர். அம்மா முகத்தைச் சுளித்தாள். "ஒரு வாய்தான் அக்கா, டேஸ்ட்டுக்குத்தான்" என்று கெஞ்சினான். நான் அதுவரை பீர் குடித்ததில்லை. எனக்கும் ஆசையாக இருந்தது.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் மண்டி படிந்திருந்தது. இருபது வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் நின்ற கை, மண்டியைக் கண்டால் சும்மா இருக்காது. "நல்லா குலுக்கிட்டுக் குடிங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன் நான். நாலு முறை நன்றாகக் குலுக்கி, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன்.

"ஐயோ மாமா!" என்று அவன் கத்துவதற்குள் நுரை பீறிட்டு அவன் சட்டை, சுவர், பிரியாணி மூடி எல்லாவற்றிலும் அடித்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

"அடியில இருக்கறது ஈஸ்ட், மாமா. ஆடாம அசையாம ஊத்தணும். டானிக்கா இது?"

மிச்சத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்தேன். முதலில் நிலவேம்புக் கஷாயம் மாதிரி ஒரு கசப்பு நாக்கின் அடியில் ஏறியது. விழுங்கிய பிறகு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின வாசனை மூக்கில் நின்றது. பிடித்திருந்தது. இதையும் மறைக்கக் கூடாது.

அதற்குள் அவன் வீடியோ காலில் சிநேகிதர்களைப் பிடித்துவிட்டான். "டேய், எங்க மாமா பீரைக் குலுக்கிட்டார்டா! இருமல் மருந்துன்னு நெனச்சிட்டாரு!" சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். "ஒம்பதாவது படிச்சிட்டு மெடிக்கல்ல நிக்கிறாரு. மாத்திரைய மாத்திக் குடுத்து எத்தனை பேரை மேல அனுப்புனாரோ!"

சீட்டை இரண்டு முறை படிக்காமல் நான் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. எழுத்து புரியாவிட்டால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்பேன். என்னிடம் இருக்கிற ஒரே பெருமை அது.

"போனை வைடா" என்றேன்.

"இன்னா மாமா, கோச்சுகினியா? டேய், மாமா சூடாயிட்டார் பாருங்கடா!" போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அறைந்தேன். போன் சுவரில் போய் விழுந்தது. அவன் எழுந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். வாயில் குத்தினேன், அவன் பல் என் விரல் முட்டியில் இறங்கியது. பின்னால் இருந்த நாற்காலியோடு சாய்ந்தான். மேஜையில் கையை வைத்தேன். பாட்டிலும் இருந்தது, டம்ளரும் இருந்தது. பாட்டிலை எடுத்தால் மண்டை உடையும், போலீஸ் கேஸாகும், வேலை போகும். இவ்வளவையும் யோசித்து டம்ளரை எடுத்தேன். அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து அதன் விளிம்பால் புருவத்தில் அடித்தேன். தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. "போதும் மாமா, போதும்" என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகும் இரண்டு முறை அடித்தேன். சின்னவனே, நீ ஓடி வந்து என் மணிக்கட்டைக் கடித்ததால்தான் டம்ளர் கீழே விழுந்தது.

புருவத்தில் நாலு தையல். முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மா, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்றாள். வீட்டுக்கு வந்ததும், "பழக்கமில்லாத மனுஷன், தலைக்கு ஏறிடுச்சு" என்றாள். வீங்கிய வாயோடு அவனும், "விடுக்கா, கொண்டாந்தது என் தப்பு. போதையில அடிச்சதை மனசுல வெச்சுக்குவனா?" என்றான். எனக்கு வெளியே போக ஒரு கதவு திறந்துவிட்டான். நானும் அதன் வழியாகத் தப்பித்துக்கொண்டேன். பெரியவளே, நீ அழுதுகொண்டு, "இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா" என்று கையை நீட்டினாய். சத்தியம் செய்தேன். எனக்கு அது ஒரு கஷ்டமும் இல்லாத சத்தியம்.

எனக்குப் போதை ஏறவே இல்லை. பாட்டிலா டம்ளரா என்று கணக்குப் போட்டவனுக்கு என்ன போதை? அடித்தது நான், இதே அப்பா, தெளிவாக இருந்த அப்பா. இனி வீட்டில் பீர் இல்லை என்பதால் பயமில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். என் குரல் மாறுவதைக் கேட்டால் இரண்டு பேரும் எழுந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்யத் தைரியமில்லை. ஆனாலும் போங்கள்.

இன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, அவனுக்கு ஒரு விரலால் டைப் செய்தேன்: "மச்சான், அன்னிக்கு எனக்குப் போதை இல்ல. தெரிஞ்சேதான் அடிச்சேன்." ஒரு முறை முழுவதையும் அழித்தேன். மறுபடி அதையே டைப் செய்து அனுப்பினேன்.