ஹஸ்மி போட மறுத்த சிவப்புப் புல்லி

எத்தாளையில் யாரிடம் கேட்டாலும் ஹஸ்மியின் கராஜுக்கு வழி காட்டுவார்கள். ஆனால் "போட் எஞ்சின் ஹஸ்மியா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் காட்டுவார்கள். அந்தப் பெயர் ஹஸ்மிக்குப் பிடிக்காது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு புத்தளம் டவுனில் ஒரு கராஜில் சேர்ந்து, கார் எஞ்சின் பிரித்துப் பூட்டப் பழகியவன் அவன். கலியாணம் முடித்து ஊரோடு வந்த பிறகு வாசலுக்கு வந்ததெல்லாம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்கள்தான். வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் சாப்பிடும்போதுகூட போனில் கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருப்பான். சோறு காய்ந்துபோவதைப் பார்த்து மனைவி நுஸ்ரா பொறுமை இழப்பாள்.

"அந்தக் காருக்குக் கறி ஊத்தவா, ஒங்களுக்கா?" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் நஜாத் வந்தான். பள்ளிக்கூடத்தில் ஹஸ்மியோடு ஒரே வாங்கில் இருந்தவன். இப்போது கற்பிட்டியில் மீனுக்கு ஐஸ் விற்கிறான். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, குருநாகல் பக்கம் நடக்கும் போட்டியில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

"நிமிசத்துக்கு ஒன்பதாயிரம் சுத்து போகணும் மச்சான். ஒன்னால ஏலுமா?"

ஹஸ்மி ஓம் என்றான். இந்த எஞ்சின் ஒழுங்காக ஓடிவிட்டால் இனி மற்றக் கார்களும் வரும், ஓடாவிட்டால் சாகும்வரை போட் எஞ்சின்தான் என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தான். பாரம் குறைந்த பிஸ்டன், புது ரொட், புது வால்வு ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பூட்டினான்.

ஒருநாள் நஜாத் துள்ளிக்கொண்டு வந்தான்.

"கைய நீட்டு மச்சான்."

ஹஸ்மியின் உள்ளங்கையில் பளபளவென்று சிவப்பாக ஒரு புல்லியை வைத்தான். கிராங்க் தண்டின் முனையில் பூட்டுகிற, பெல்ட் ஓடுகிற சக்கரம் அது. முழுக்க அலுமினியம்.

"என்னடா இது, பப்படம் மாதிரி இரிக்கி?"

"அதுதான்டா விசயம்! பழசு என்னா பாரம். இதப் போட்டா மிதிச்ச ஒடனே எஞ்சின் ஏறும்."

ஹஸ்மி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரப்பர் எங்க?"

"என்ன ரப்பர்?"

"பழசுல உள்ளுக்கு ஒரு துண்டு, வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். அதுக்குப் பேர் டேம்பர். இதுல அது இல்லையே."

"ரப்பர் என்னத்துக்கு? நீ என்ன செருப்பா தைக்கிற?"

ஹஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விளக்கிச் சொன்னான். "சின்னதுல களப்புல பலகப் பாலத்துல குதிப்பமே, ஞாபகமா? பலக மேல வார நேரம் பாத்து மிதிச்சா என்ன ஆகும்?"

"எழும்பி எழும்பி அடிக்கும். நீ ஒருக்கா தண்ணியில விழுந்த."

"அதேதான். எஞ்சினுக்குள்ள ஒவ்வொரு வெடிக்கும் கிராங்க் கொஞ்சம் முறுகி, திரும்பி வரும். ஏதோ ஒரு வேகத்துல அந்த முறுக்கும் வெடியும் ஒரே தாளத்துக்கு வந்திட்டா முறுக்கு கூடிக்கிட்டே போகும். பலகையில எதிர்த் தாளத்துல இன்னொருத்தன் நிண்டா அது அடங்கிரும். அந்த வளையம் செய்றது அந்த வேலதான். அது இல்லாட்டி ஒயில் பம்ப் நொறுங்கலாம், கிராங்கே முறியலாம்."

நஜாத் அரை மனதோடு சிவப்புப் புல்லியைப் பையில் போட்டான். பழைய டேம்பரையே பூட்டுவது என்று முடிவானது.

கற்பிட்டிக் கரையில் எஞ்சின் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய சாமான் எதுவானாலும் மண்ணெண்ணெய்ப் பேசினில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காலையில் எடுத்தால் உப்பும் துருவும் கழன்றுவிடும். படகுகள் ஓடுவதே மண்ணெண்ணெயில் என்பதால் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஹஸ்மியும் டேம்பரை அப்படியே போட்டான். யோசித்துப் போடவில்லை; கை தானாகப் போட்டது. மறுநாள் அது புதிதுபோல மின்னியது. அதைப் பூட்டி, உள்துண்டிலிருந்து வெளிவளையம்வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு கீறினான். வளையம் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

போட்டிக்கு முந்திய வாரம் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஐயாயிரம், ஆறாயிரம் எல்லாம் சரி. ஏழாயிரத்தைத் தாண்டியதும் ஹஸ்மியின் காலுக்குக் கீழே கொங்கிரீட் தரை கிறுகிறுவென்று அதிர்ந்தது.

"விடு, விடு! நிப்பாட்டு!"

டோர்ச் அடித்துப் பார்த்தான். கோடு உடைந்திருந்தது. வெளிவளையம் விரலகலத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. கழற்றி ரப்பரை நகத்தால் கீறினால் தேத்தண்ணியில் நனைத்த பாண்போலப் பிய்ந்து வந்தது. மண்ணெண்ணெய் மணத்தது.

ஹஸ்மி அதை வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தான்.

"பாத்தியா!" என்றான் நஜாத். "ஒன்ட ரப்பர்ட லட்சணம். சிவப்பப் போடு. நாளைக்கே ஏத்திட்டுப் போகலாம்."

"டேம்பர்ல பிழையில்ல மச்சான். நான்தான் மண்ணெண்ணெயில ஊறப்போட்டுக் கெடுத்தன். ரப்பர் எண்டு யோசிக்கல்ல."

"சரி, கெடுத்திட்ட. அப்ப சிவப்பப் போடு."

"போடமாட்டன்."

"கெடுத்தது நீ. போட்டிய விடுறது நானா?"

ஹஸ்மி டேம்பரைக் கீழே வைத்தான். முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினான்.

நஜாத் அன்று பின்னேரமே லொறி கொண்டுவந்து காரை ஏற்றினான். ஹஸ்மிதான் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

"அவர் கேட்டதப் போட்டுக் குடுத்திருந்தா என்ன?" என்று நுஸ்ரா கேட்டாள். "காரு அவர்ட தானே."

"காரு அவன்ட. எஞ்சின் என்ட."

நுஸ்ரா அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

போட்டி நாளன்று ஹஸ்மி போனைத் திறக்கவே இல்லை. பகல் முழுக்க ஒரு போட் எஞ்சினோடு மல்லுக்கட்டினான். அஸர் தொழுதுவிட்டு வந்தால் வாசலில் லொறி நிற்கிறது. மேலே கார். கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை.

"நீ போகல்லையா?"

நஜாத் லொறியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சிலாபத்துல ஒரு கராஜ் பாஸிட்ட சிவப்புப் புல்லியக் காட்டினன். போட்டுத்தாறன், ஆனா ஒடஞ்சா என்ட கராஜுக்கு வராதே எண்டாரு. நீ போடவே மாட்டன் எண்டாய். ரெண்டையும் யோசிச்சன்." பிறகு எரிச்சலோடு, "புதுசு எப்படா எடுக்கலாம்?" என்றான்.

இந்த முறை ஹஸ்மி அவசரப்படவில்லை. ரப்பர் டேம்பர் ஒவ்வொன்றும் கம்பனி வைத்த சுற்றுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. பிஸ்டனையும் ரொட்டையும் மாற்றி, சுற்றையும் ஏற்றிய பிறகு அதன் தாளம் பொருந்தாமல் போகலாம். அதனால் ரப்பருக்குப் பதிலாக, உள்ளே ஒரு வளையமும் அதைச் சுற்றித் தேன்போலக் கட்டியான எண்ணெயும் இருக்கும் டேம்பரைத் தேர்ந்தான். எண்ணெய்க்கு ஒரு தாளம் என்று இல்லை, எந்தச் சுற்றிலும் வேலை செய்யும். பெல்ட் ஓடும் இடத்தின் அளவு பழையதுபோலவே இருக்கிறதா என்று சாமான் விற்பவரிடம் கேட்டான். இல்லாவிட்டால் பெட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒல்டர்நேட்டரின் வேகம் மாறிவிடும். சாமான் வந்ததும் சுத்தியலைத் தொடாமல், போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பூட்டினான். வெளிக்கூடு நெளிந்தால் உள்ளே வளையம் சுற்றாது.

"பழசவிடப் பாரமாயிரிக்கே!" என்று நஜாத் தலையில் கைவைத்தான்.

"நீ ரெண்டு பராட்டா கொறச்சித் தின்னு. சரியாப்போகும்."

அடுத்த போட்டிக்கு ஹஸ்மி போகவில்லை. நெஞ்சு தாங்காது என்றான். பின்னேரம் போன் அடித்தது.

"அஞ்சாவது மச்சான்! அஞ்சாவது!"

"அத விடு. எட்டாயிரத்துக்கு மேல என்ன சத்தம் கேட்டிச்சி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் உள்ளுக்குக் கத்திக்கிட்டு இரிந்தன்."

"கிறுகிறுப்பு?"

"ஒண்டுமில்ல. லொறிய அனுப்பிட்டன். கார ஓட்டிக்கிட்டுத்தான் வாறன். பாலாவி தாண்டிட்டன்." நஜாத் மூச்சு வாங்கினான். "பின்னால நீலக் கார் ஒண்டு வருது. பொடியன் சிங்களம். ஒன்னத்தான் பாக்கணுமாம்."

"என்னயா? என்னத்துக்கு?"

"எஞ்சின் செஞ்சது ஆரெண்டு கேட்டான். செல்லிட்டன். பாஸுக்கு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் இரிக்கா எண்டும் கேட்டான். நுஸ்ராட்ட செல்லி தண்ணி கொதிக்க வை."

ஹஸ்மி போனை வைத்துவிட்டு, கராஜின் நடுவில் கிடந்த இரண்டு போட் எஞ்சின்களையும் சுவரோரமாக இழுத்து, ஒரு கார் நிற்க இடம் பண்ணத் தொடங்கினான்.