கடைப் பையோடு ஒரு நடை

மச்சாள் நடைக்குப் புறப்பட்டு வந்து நிற்கும் கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நூல் சேலை, அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஓவர்கோட், காதை மூடிய கம்பளித் தொப்பி, மகள் பள்ளிக்கூட விளையாட்டுக்குப் போட்டுக் கழித்த வெள்ளைச் சப்பாத்து. கையில் மட்டும் சந்தைக்குப் போகிறவர் போல ஒரு துணிப்பை. எண்பதுகளின் கடைசி அது. லண்டனில், டூட்டிங்கில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தோம். விடிந்ததும் என் வீட்டு மணியை அடித்துவிட்டு, நான் கதவைத் திறக்கும் வரை குளிருக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படியில் நிற்பார்.

அவர் என் கணவரின் அக்கா. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்தபோது, நாள்தோறும் வேர்க்க விறுவிறுக்க நடக்காவிட்டால் கண்ணையும் காலையும் பாதிக்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலைப் பற்றி மச்சாள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "கண் போனால் அவர் வந்து நிக்கேக்கை நான் என்னெண்டு மச்சாள் அவற்றை முகத்தைப் பாக்கிறது?" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்றது தன் கணவரை. எனக்கு அண்ணை முறை. மச்சாளும் மகளும் முதலில் லண்டனுக்கு வந்துவிட, படுக்கையில் கிடந்த தாயை விட்டுவர மனமில்லாமல் அண்ணை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். பிறகு தாய் போய்ச் சேர்ந்தார், ஆனால் சண்டையில் பாதை அடைபட்டுவிட்டது. பாதை திறந்தால் விசா இல்லை, விசா சரிவரும் போலிருந்தால் பாதை இல்லை. அப்படியே வருடங்கள் போயின.

நடக்க மச்சாளுக்கு வெட்கமில்லை. காரணம் இல்லாமல் நடக்கத்தான் வெட்கம். "அங்கை மனுசன் செல்லடிக்குள்ளை கிடக்கிறார், இவ இஞ்சை மெலியிறதுக்குப் பார்க்கைச் சுத்துறா எண்டு சனம் கதைக்கும்" என்பார். அதற்குத்தான் அந்தப் பை. கடைக்குப் போகிறோம் என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் அல்லவா? ஒரு நாள் பார்க் வாசலில் எதிர்ப்பட்ட எங்கள் ஆள் ஒருத்தி வெறும் பைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன, கடை பூட்டோ?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து பைக்குள் உருளைக்கிழங்கு ஏறிவிட்டது. வீட்டிலிருந்து கிழங்கைக் கொண்டுபோய், பார்க்கைச் சுற்றிக்காட்டி, பத்திரமாக வீட்டுக்கே கொண்டுவந்து சேர்ப்போம். முளை கண்டதும் அது கறியாகும், புதுக் கிழங்கு பைக்குள் போகும். பாரம் தூக்கி நடப்பது உடம்புக்கு இன்னும் நல்லது என்று பின்னாளில் யாரோ சொல்லக் கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எனக்கு அப்போது எந்த வருத்தமும் இல்லை, சோம்பல் மட்டும்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்ற காலில் நிற்கிறவளுக்கு எதற்கு நடை என்று முதல் கிழமை முழுவதும் முணுமுணுத்தேன். துணைக்குத்தான் என்னை இழுத்துப் போனார். போகப் போக, அவர் மணியை அடிக்கும் முன்பே நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினேன். பனி படிந்த புல், குளத்தில் விறைத்துப்போன தாரா வாத்துகள், நாயோடு எதிரே வந்து தலையசைக்கும் வெள்ளைக்காரக் கிழவர். மச்சாள் ஓயாமல் கதைத்துக்கொண்டே நடப்பார். கதை முழுக்க அண்ணை வந்த பிறகு நடக்கப்போவதுதான். முதல் நாள் என்ன சமைப்பது, ஜன்னலோரக் கதிரையை அவருக்கு விடுவதா, இந்தக் குளிரை அவர் எப்படித் தாங்குவார். ஊரில் குண்டு விழுந்த செய்தி வந்த நாட்களில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அன்றைக்கு அவர் நடையே வேறு. நான் பின்னால் அரை ஓட்டமாக ஓடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருவழியாக அண்ணைக்கு விசா கிடைத்தது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் குடும்பமாகப் போனோம். அண்ணை வாடிப்போய், சூட்கேஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டத்தைத் துழாவிய அவர் பார்வை மச்சாளின் முகத்தில் பட்டு, நிற்காமல் அப்பால் போய்விட்டது. அவர் விட்டுப் பிரிந்தது உருண்டு திரண்ட ஒரு மனுஷியை. இங்கே நின்றவரோ நடந்து நடந்து பாதியாகியிருந்தார். அண்ணை எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ!" என்று கத்திக்கொண்டு மச்சாள் ஓடினார். அதுவரை அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பிடித்து நிறுத்தி, இரண்டு கையாலும் அண்ணையின் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு முன்னால் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை, கண்ணீர் வந்தால் பார்வை மறைத்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு மச்சாள் அண்ணையோடுதான் நடக்கப் போனார். கையில் பை இல்லை. புருஷனோடு போகிறவளை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் காலையில் யாரும் மணியை அடிக்காத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் மகள் கல்யாணமாகிக் கனடாவுக்கு, ரொறொன்ரோ போக, அவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். நான் தனியாக நடக்கப் பழகினேன். நடை பழகிவிட்டது, தனிமை பழகவில்லை.

இன்று அதே பார்க்கில் எங்கள் பிள்ளைகள் இறுக்கமான கால்சட்டையோடு, காதில் பாட்டைச் செருகிக்கொண்டு ஓடுகிறார்கள். யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது. அண்ணை காலமாகிவிட்டார். சீனி வருத்தம் மச்சாளின் கண்ணை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டது. இப்போது அவருக்குச் சக்கர நாற்காலிதான். அங்கே விடியும் நேரம் பார்த்து, இங்கே நான் முற்பகலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். "இப்ப எங்கை நிக்கிறியள்?" என்று கேட்பார். குளத்தடி என்பேன். தாராக்கள் இருக்கின்றனவா என்று கேட்பார். ஓம் என்பேன். போன கிழமை மழை தூறியது. நனையாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எட்டி நடந்தேன். மூச்சு இரைத்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் ஆறுதலா நடவுங்கோ மச்சாள்," என்றார். "நானும் வாறனெல்லோ."

நான் மழையில் நனைந்துகொண்டு மெல்ல நடந்தேன்.