படிக்கட்டில் கிடைத்த மூச்சு

என் மனைவிக்கு ஆஸ்துமா. தினமும் இழுக்க வேண்டிய பழுப்பு நிற இன்ஹேலரை நிறுத்த வைத்தது நான்தான். "நல்லாத்தானே இருக்கிற, இழுத்துக்கினே இருந்தா பழகிடும்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் திருமலைப் படியேறும்போது அவளுக்கு மூச்சுத் திணறியது. பேச்சே வரவில்லை. எங்களிடம் எந்த மருந்தும் இல்லை.

பின்னால் வந்த புத்தூர்க்காரப் பெண் ஒருவர் அவளை உட்காரவைத்து, தன்னுடைய நீல இன்ஹேலரைச் சிறிது இடைவெளி விட்டுச் சில முறை இழுக்கச் செய்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. பழுப்பு இன்ஹேலரை நான் நிறுத்த வைத்ததை அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணா, நீலம் சுருங்கின மூச்சுக்குழாயை அப்போதைக்குத் தொறக்கும், அவ்ளோதான். உள்ள வீக்கம் வராம பாத்துக்கினு இருந்தது நீங்க நிறுத்தின மருந்து."

உடனே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் என் தவறை நானே ஒப்புக்கொண்டேன். பழுப்பு இன்ஹேலரை மறுபடியும் தினமும் இழுக்கத் தொடங்கினாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இன்றும் மனைவி தூக்கத்தில் சீராக மூச்சுவிடுவதைக் கேட்கும்போது, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.