அண்ணன் ஏறி முடிக்காத பனிமலை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடையில் போன்களும், டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகளும் பழுதுபார்க்கிறேன். புதிய கேம் பெட்டி எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரவேண்டும் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வேன். எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. என் அண்ணன் அதற்கு நேர் எதிர்.

அண்ணன் வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் வேலை பார்த்தார். கொழுந்து உருட்டும் ரோலர்களுக்கு எண்ணெய் விடுவதும் பெல்ட் மாற்றுவதும் அவர் பொறுப்பு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவருடையது; அண்ணி, ஒரு மகள், அவர் என்று மூன்று பேர். வீட்டுக்குப் பின்னால் சரிவு, சரிவுக்குக் கீழே ரயில் பாதை. வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் ஒரு மணி நேரம் டிவிக்கு முன்னால் உட்காருவார். என் கடையிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த பழைய பெட்டியில் ஒரே ஒரு விளையாட்டுத்தான் ஆடுவார். ஒரு மனிதன் தன்னந்தனியாகப் பனிமலைகளைக் கடந்து போகிற விளையாட்டு. சண்டை அதிகம் கிடையாது. நடக்க வேண்டும், ஏற வேண்டும், குளிர் தாங்க வேண்டும். நான் அதை இரண்டு வாரத்தில் முடித்தேன். அண்ணன் மூன்று வருஷத்தில் பாதி மலைதான் ஏறியிருந்தார்.

போன வருஷம் புதிய பெட்டி ஒன்றை அவருக்குக் கொண்டுபோனேன். அந்தப் பழைய விளையாட்டு இதில் ஓடாது என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க ஸ்டோர் ரோலரு வெள்ளக்காரன் காலத்துல வந்தது. இன்னைக்கும் கொழுந்து உருட்டுது. இவனுங்க பெட்டிக்கு மட்டும் ஆறு வருஷத்துல வயசாயிருமா?"

"புதுசுல படம் இன்னும் தெளிவா இருக்கும்ண்ணே."

"எனக்கு இதுவே தெளிவா இருக்கு. பத்து வருஷத்துக்கு ஒண்ணு வந்தா போதும்டா. ஒரு மலைய ஏறி முடிக்க மனுசனுக்கு நேரம் வேணாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசையாகக் கொண்டுவந்ததை அவர் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மூன்று வாரம் கழித்து, நெஞ்சு அடைக்கிறது என்று ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஹட்டனுக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். கடையில் இருந்தபோது அண்ணி போன் எடுத்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழம வர முடியுமா?"

"என்னங்கண்ணி, ஏதாச்சும் பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணன் இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

குரலில் அழுகை இல்லை. 

நான் போன அன்று காலை பத்து மணிக்கே மூட்டம் இறங்கிவிட்டது. எதிர் மலை தெரியவில்லை. அண்ணி என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு டிவியைப் போட்டு, பெட்டியை முடுக்கினார். கன்ட்ரோலர் டிவிக்குக் கீழே இருந்த பலகையில் கிடந்தது. அதை அவர் தொடவில்லை.

திரையில் பனி. நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த மனிதன். சில நொடி சும்மா நின்றான். பிறகு மெதுவாக, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி, நடக்கத் தொடங்கினான்.

 பாறை குறுக்கே வந்தால் அதை உரசிக்கொண்டே போனான். பள்ளத்தில் இறங்கினான். ஏறினான். அண்ணன் ஆடும்போதும் இதே வேகம்தான், ஓடவே மாட்டார்.

வேலைக்குத் திரும்பிய வாரம், மத்தியானம் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது வீட்டின் அமைதி பொறுக்காமல் போட்டதாக அண்ணி சொன்னார். அந்த விளையாட்டின் காற்றுச் சத்தமாவது கேட்கட்டும் என்றுதான் போட்டாராம். அவன் தானாக நடந்தான். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் போடுகிறார். நிறுத்திய இடத்தை விளையாட்டே நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் அங்கிருந்து தொடங்குகிறது.

"போன வாரம் ஒரு ஆத்தத் தாண்டிட்டாரு. அவரு இருந்தப்ப அந்தப் பக்கம் போனதே இல்ல."

 என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சி ஒன்று உண்டு. பல வருஷம் ஒரே பக்கம் அழுத்தினால் அடியில் தேய்ந்து, கையை எடுத்த பிறகும் அழுத்தியது போலவே இருக்கும். வாரத்துக்கு நாலு பேர் இந்தப் பழுதோடு கடைக்கு வருகிறார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி, "இப்ப நிப்பாரு பாருங்க" என்றார்.

திரையில் அவன் நின்றான்.

நாலைந்து நொடி கழித்துத்தான் வளைவில் ரயிலின் ஊதல் கேட்டது. அலுமாரிக் கதவு அதிர, ரயில் வீட்டுக்குப் பின்னால் கடந்து போனது. சத்தம் ஓய்ந்ததும் அவன் மறுபடி நடந்தான். ரயில் போகும்போது அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தச் சத்தத்தில் விளையாட்டின் காற்று கேட்காது என்பார்.

ரயிலின் அதிர்வு சத்தத்துக்கு முன்பே மண் வழியாக வந்து பலகையை அசைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த வீட்டில் மேற்கொண்டு உட்கார முடியவில்லை. "இத சுத்தம் பண்ணிக் கொண்டாந்து தர்றேங்கண்ணி" என்று கன்ட்ரோலரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் அதைத் திறந்தேன். குச்சியின் அடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வெள்ளைத் தூளாகக் கொட்டியிருந்தது. ரப்பர் மூடியில் ஸ்டோர் எண்ணெயின் கறுப்பு. ஈயத்தை உருக்கி அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியது வைத்தேன். பழையதைக் குப்பையில் போடக் கை வரவில்லை. ஒரு தாளில் சுற்றி இழுப்பறையில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோய்ப் பலகையில் அதே இடத்தில் வைத்தேன். அண்ணி பெட்டியைப் போட்டார். அவன் நின்றான். தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது. ரயில் வந்தது, போனது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"நடந்துக்கிட்டிருந்தவர நிக்க வச்சிட்டீங்க" என்றார் அண்ணி.

அப்போதுதான் குச்சி தேய்ந்த கதையைச் சொன்னேன். அண்ணி குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. மக அன்னைக்கே சொல்லிட்டா, ரிமோட் பழுதுன்னு. ஆனா அந்தப் பழுது அவரு கையால வந்தது. ஒங்க கையால போயிருச்சு."

 திருத்துவது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில், புதிய பெட்டியைக் கொண்டுபோன நாளும் இந்த நாளும் ஒன்றாகவே பட்டன. அண்ணன் பத்து வருஷம் கேட்டபோது நான் அதை ஒரு பழைய ஆளின் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே பழைய பாகத்தைத் திரும்ப வைத்து ஈயம் பற்றவைத்தேன். எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே வைத்தேன். கழற்றும்போது எடுத்திருந்த படத்தோடு இரண்டு தடவை ஒப்பிட்டும் பார்த்தேன். வாரக் கடைசியில் வட்டகொடைக்குப் போனேன்.

இந்த முறை அவன் நடந்தான். ஆனால் முதலில் அப்படியே திரும்பினான். முகம் எங்களைப் பார்த்தது. தேய்ந்த குச்சி முன்பு போலவே மேல்நோக்கி, கொஞ்சம் இடப்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். அவனோ நேராக எங்களை நோக்கி, மலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் துணி கட்டியிருந்ததால் கண் மட்டும் தெரிந்தது. மூன்று வருஷமாக நாங்கள் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறோம்.  என் வேலையில் பிழை இருந்திருக்கலாம்.

"திரும்பி வர்றாரு" என்றார் அண்ணி. முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது.

"நிப்பாட்டிரவாங்கண்ணி?"

 அண்ணி எழுந்துபோய்க் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். கொழுந்துச் சாறு கறுத்துப் போயிருந்த விரல்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல போகணும்னா எந்தப் பக்கம் தம்பி அழுத்தணும்?"

காட்டினேன். அண்ணி கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு தள்ளினார். அவன் நின்ற இடத்திலேயே நடுங்கினான். ஒரு பக்கம் குச்சி இழுத்தது, மறுபக்கம் அண்ணி தள்ளினார். எவ்வளவு நேரம் அப்படி என்று தெரியவில்லை. பிறகு அவன் மெல்லத் திரும்பினான். முதுகு தெரிந்தது. அண்ணி மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணிதான் ஆடுகிறார். அலுமாரிக்கு மேல் இருந்த பெட்டியை மகள் இறக்கி, தன் சிநேகிதிகளோடு ஆடுகிறாள். அதில் அண்ணிக்கு ஆர்வமில்லை. பழையதற்கு இன்னும் எத்தனை வருஷம் சாமான் கிடைக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.  யாராவது பழைய பெட்டியை எறியப் போகிறேன் என்று கடைக்குக் கொண்டுவந்தால் இப்போது நான் வாங்கிப் பிரித்து, உதவுகிற பாகங்களை ஒதுக்கி வைக்கிறேன்.

போன வாரம் மத்தியானம் அண்ணி போன் எடுத்தார். பின்னால் அந்தக் காற்றுச் சத்தம் கேட்டது.

"தம்பி, உச்சிக்குப் பக்கத்துல வந்துட்டேன். இங்க ஒரு வீடு இருக்கு. உள்ள வெளக்கு எரியுது. போகட்டுமா?"

நான் அந்த விளையாட்டை முடித்தவன். உச்சிக்குப் பக்கத்தில் பாறையைத் தவிர வேறு எதையும் பார்த்த நினைவில்லை. அவசரமாக ஓடி முடித்ததில் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

"கதவு தெறந்திருக்காங்கண்ணி?"

"தெறந்துதான் இருக்கு."

"அப்ப போங்க" என்றேன். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.